கவிஞரின் குரலும் பேட்டியாளரின் கேள்வியும்

மேடையில் ஒரு கவிஞர் தன் கவிதையை வாசிக்கிறார். அடுத்த காட்சியில் அவரே நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கவிதை பிறந்த கதையைச் சொல்கிறார். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில் 1989, 1995, 1999 ஆகிய ஆண்டுகளில் பில் மாயர்ஸ் வழங்கிய கவிதை நிகழ்ச்சிகளின் அடிப்படை அமைப்பு இதுதான். மாயர்ஸ் அதிபர் லிண்டன் ஜான்சனின் பத்திரிகைச் செயலாளராக இருந்தவர். பாப்டிஸ்ட் சபையின் போதகராகவும் அமர்த்தப்பட்டவர். நியூ ஜெர்சியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் டாட்ஜ் கவிதைத் திருவிழாவுக்குக் கேமராவோடு போய், வாழும் கவிஞர்களை வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தார். இந்த முயற்சியைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதன் இரண்டு பாதிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வாசிப்பு கவிதைக்கு வலு சேர்க்கிறது. உரையாடல் பல நேரம் அந்த வலுவைக் கரைத்துவிடுகிறது.

வாசிப்பின் பலத்துக்கு, இந்த நிகழ்ச்சிகளில் தோன்றிய கவிஞர் செகூ சுண்டியாட்டா ஒருவரே போதும். அச்சுப் பக்கத்தைவிட மேடையையும் இசைப்பதிவையும் நம்பியவர் அவர். அவருக்குத் தொலைக்காட்சி இரண்டாம்தரமான ஊடகம் ஆகாது; அவருடைய கவிதை இயல்பாக வாழும் இடத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது. லூசில் கிளிஃப்டனின் நிலை வேறு. அவர் பெரிய எழுத்துகளை அநேகமாகத் தவிர்த்தவர்; நிறுத்தக்குறிகளையும் குறைவாகவே போட்டவர். ஆங்கிலப் பக்கத்தில் அந்தச் சிறிய எழுத்துகளே ஒரு நிலைப்பாடு. காதுக்கு அது கேட்காது. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது: வரி எங்கே முறிகிறது, வெற்றிடம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் கண்ணுக்கானவை, ஒளிபரப்பு அவற்றை விழுங்கிவிடுகிறது, கேட்டதைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை என்பார்கள். நம் கவியரங்கங்களில் ஒரு வரியை இரண்டு முறை சொல்லும் பழக்கம் கைதட்டலுக்காக மட்டும் வந்ததல்ல. காதுக்கு இரண்டாவது வாய்ப்பு வேண்டும் என்ற அறிவும் அதில் இருக்கிறது. மாயர்ஸின் நிகழ்ச்சிகளில் அந்த இரண்டாவது வாய்ப்பு அரிது. ஆனால் 1995 தொடரோடு கவிதைகளும் உரையாடல்களும் அடங்கிய புத்தகமும் வெளிவந்தது. கிளிஃப்டனின் குரலை ஒருமுறை கேட்டுவிட்டுப் பக்கத்துக்குப் போகிறவருக்கு, நிறுத்தக்குறி இல்லாத இடத்தில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்திருக்கும். எந்த உரையாசிரியரும் இதை இவ்வளவு சுருக்கமாகக் கற்றுத்தர முடியாது.

உரையாடல் கரைத்துவிடுகிறது என்றேன். அதற்குச் சான்று, மாயர்ஸின் பணியில் மிக அழகானதாகவும் நான் கருதும் படம்: டொனால்ட் ஹால், ஜேன் கென்யன் என்ற கவித் தம்பதியைப் பற்றி 1993இல் வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஹாலின் முன்னோர் வாழ்ந்த பண்ணை வீட்டில் இருவரும் பேசுகிறார்கள். ஹாலின் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, அறுவை சிகிச்சை நடந்திருந்த காலம். முதலில் போகப்போவது அவர்தான் என்றே இருவரும் எண்ணியிருந்தார்கள். படம் ஒளிபரப்பான சில வாரங்களில் கென்யனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1995 ஏப்ரலில், 47 வயதில் இறந்தார். ஹால் 2018 வரை இருந்தார். இன்று இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு, கென்யன் வாயைத் திறந்ததுமே தொண்டை அடைத்துக்கொள்கிறது. கவிதைக்குள் நுழைய இடமே இல்லை. அவருடைய புகழ்பெற்ற மனச்சோர்வுக் கவிதை ஒன்பது பகுதிகள் கொண்டது. அதில் ஒரு பகுதி மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு தொடங்குகிறது. பெரும்பாலும் மருந்துக் கம்பெனிகள் வைத்த பெயர்கள். மென்மையான நாட்டுப்புறச் சொற்களுக்கு நடுவே அவை ஏன் வந்தன? அந்த அடுக்கு ஏன் மந்திர உச்சாடனம்போல ஒலிக்கிறது? ஒரு கவிஞரை எதிரில் உட்காரவைத்துக் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. மாயர்ஸின் அக்கறையோ நோயின் பக்கமே சாய்கிறது. கவிதை, பட்ட துன்பத்துக்கான சாட்சியமாகச் சுருங்குகிறது.

ஹெலன் வெண்ட்லர் போன்ற விமர்சகர்கள் 1995 தொடரின்மேல் கிட்டத்தட்ட இதே குறையை வைத்தார்கள். கவிதை வாசித்துப் பழகாத பார்வையாளருக்கு வாழ்க்கைக் கதைதானே வாசற்படி, அதையும் எடுத்துவிட்டால் எப்படி உள்ளே வருவார் என்பது மாயர்ஸ் தரப்பின் பதிலாக இருக்கும். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மனச்சோர்வை வெளியே சொல்லாமல் வாழ்கிறவருக்கு, ஒரு பெண் கேமராவின் முன் அதைப் பெயர் சொல்லிப் பேசுவதே பெரிய துணை. ஆனாலும் வடிவத்தைப் பற்றிய கேள்வி சாதாரணப் பார்வையாளருக்கு எட்டாது என்ற நினைப்பில் அவரைப் பற்றிய ஒரு தாழ்வான மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. அந்த மாத்திரைப் பெயர்களில் பலவற்றை வீட்டு அலமாரியிலேயே பார்த்திருக்கக்கூடியவர் அவர். அவை ஏன் கவிதைக்குள் வந்தன என்று கேட்டால் அவருக்குப் புரியாமல் போகாது. பேராசிரியரைவிட விரைவாகவே புரியலாம்.

கவிதை உருவாகும் விதத்தைப் பார்வையாளருக்குக் காட்ட முடியும் என்பதற்குப் பழைய உதாரணமும் உண்டு. பி.பி.எஸ். தொடங்குவதற்கு முன்பே, 1966இல், ரிச்சர்ட் மூர் பொதுத் தொலைக்காட்சிக்காகக் கவிஞர்களைப் படம்பிடித்தார். அதில் ஃப்ராங்க் ஓஹாரா நியூயார்க்கில் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து ஒரு திரைப்படத்துக்கான உரையாடலை எழுதிக்கொண்டிருக்கிறார். தொலைபேசி வருகிறது. ரிசீவரைப் பிடித்துப் பேசிக்கொண்டே தட்டச்சைத் தொடர்கிறார்; பேச்சில் அடிபட்ட சொல் அப்படியே தாளில் ஏறுகிறது. அன்றாடப் பேச்சு அவருடைய எழுத்துக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பதை, யாரும் எதுவும் கேட்காமலேயே, கேமரா பார்த்துவிடுகிறது. அதே ஆண்டு ஜூலையில் ஓஹாரா விபத்தில் இறந்தார். அந்தச் செய்தி தெரிந்த பிறகும், அந்தக் காட்சியில் நம் கண் அவருடைய விரல்களின்மேல்தான் நிற்கிறது.