சந்தா ரசீது: 'குருதிப்புனல்' மறுவாசிப்பு

கமல் படத்தைச் சொல்லவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் நாவல். 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கல்லூரி மூன்றாம் ஆண்டில், செமஸ்டர் தேர்வுக்குப் படிக்க வேண்டிய ஒரு ராத்திரியில் இதை வாசித்து முடித்தேன். கீழ்வெண்மணியைப் பற்றிய நாவல் என்று சொல்லித்தான் நண்பன் கொடுத்திருந்தான். முடித்தபோது கோபம் இருந்தது, துக்கம் இருந்தது. கூடவே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று போன பொங்கல் வரை எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு நீடாமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தோம். தாத்தாவின் தகரப்பெட்டியில் நிலப் பத்திரங்களோடு ஒரு பழுப்புக் காகிதம் கிடந்தது. அறுபதுகளில் எங்கள் பக்கத்து மிராசுதார்கள் வைத்திருந்த ஒரு சங்கத்துக்குத் தாத்தா கட்டிய சந்தாவின் ரசீது. வெண்மணியோடு தொடர்புடைய சங்கம் இல்லை இது. ஆனால் அதே காலம், அதே காரியம்: கூலி எவ்வளவு என்று நிலக்காரர்கள் கூடி முடிவு செய்வது, அதை மீறி யாரும் கூடுதலாகக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

தாத்தாவுக்கு இரண்டு வேலி நிலம், பதிமூன்று ஏக்கர் சொச்சம். தஞ்சாவூர்க் கணக்கில் பெரிய மிராசு இல்லை. ஆளுக்குக் காய்ச்சல் என்றால் வண்டி கட்டி மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். யாரையும் கைநீட்டி அடித்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. வெண்மணியைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "அது மகா பாவம்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கூலிய அவங்க சங்கம் வெச்சு நிர்ணயம் பண்றதுன்னா, நாம எதுக்கு இருக்கோம்?" என்றார்.

ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பழைய நிம்மதி பிடிபட்டது. நாவலில் வரும் கண்ணையா நாயுடு மாதிரி என் தாத்தா இல்லை. அவ்வளவுதான் அந்த நிம்மதி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், கீழ்வேளூருக்கு அருகிலிருக்கும் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். பின்னணியில் இருந்தது கூலித் தகராறு, அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டது. ஆனால் அரைப்படி மட்டும் பிரச்சினை இல்லை. நாகை வட்டார நெல் உற்பத்தியாளர்கள் சங்கத்துக்கு இன்னொரு கோரிக்கை இருந்தது: செங்கொடியை இறக்கு, விவசாயத் தொழிலாளர் சங்கத்தை விட்டு வெளியே வா. அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுதான் வழக்கில் முக்கியக் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர். கீழ்க்கோர்ட் அவர் உட்பட எட்டுப் பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இத்தனை நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் போனது தீர்ப்பின் வாதம்.

இ.பா. இதை எப்படி எழுதினார்? டெல்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கியிருக்கும் சமூகவியலாளன் கோபால், அவனைத் தேடி வரும் சிவா, கம்யூனிஸ்ட் ராமையா, டீக்கடை வடிவேலு. இவர்களுக்கு எதிரே கண்ணையா நாயுடு. நாயுடுவின் வன்மத்துக்கு வேராக ஆசிரியர் வைப்பது அவருடைய ஆண்மையின்மை. இது ஃப்ராய்டை வலிந்து கொண்டுவந்து ஒட்டியது, வர்க்கப் போராட்டத்தைக் கொச்சைப்படுத்தியது என்று அப்போதே இடதுசாரிகள் சண்டை போட்டார்கள். நாவல் ஒன்றும் ஆய்வறிக்கை இல்லை, மனிதனின் உள்ளே போய்ப் பார்க்க எழுத்தாளனுக்கு உரிமை உண்டு என்பது மறுதரப்பின் பதில். எனக்கு அந்தப் பதில் சம்மதம்தான். என் குறை வேறு. உள்ளே போய்ப் பார்த்தது ஒரே ஒரு மனிதனை என்பதுதான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து காரணம் எழுத வேண்டும். 'இன்னார் தப்பான கட்டளை கொடுத்துவிட்டார்' என்று எழுதி டிக்கெட்டை மூட விடமாட்டார்கள். அந்தக் கட்டளை ஓடுவதற்கு அனுமதி எப்படி இருந்தது, தடுத்திருக்க வேண்டிய இடத்தில் ஏன் யாரும் இல்லை என்று கேட்பார்கள். 'குருதிப்புனல்' டிக்கெட்டை நாயுடுவின் பெயரில் மூடிவிடுகிறது. நாயுடு மனநோயாளி என்றால், சந்தா கட்டிய மற்றவர்கள் எல்லாம் ஆரோக்கியமானவர்கள். என் தாத்தா உட்பட.

வேடிக்கை என்னவென்றால், உயர்நீதிமன்றமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. அங்கேயும் கேள்வி தனிமனிதர்களைப் பற்றியது: இப்படிப்பட்டவர் இப்படிச் செய்வாரா? நாவல் 'செய்வார், அவர் அப்படிப்பட்டவர்' என்கிறது. தீர்ப்பு 'செய்யமாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்கிறது. சங்கம் இரண்டிலுமே முக்கியம் இல்லை.

சங்கம் என்ன செய்கிறது என்று யோசித்தவர்களை வெளியே தேடினால் அமெரிக்காவில்தான் நிறைய கிடைக்கிறார்கள். தங்கள் நலனுக்காகக் கூட்டம் சேர்ந்து அரசை நெருக்கும் குழுக்கள் ஜனநாயகத்துக்கு உரமா, களையா என்பது அவர்களுடைய இருநூறு வருடத்துச் சண்டை. 1787இல் ஜேம்ஸ் மாடிசன், இத்தகைய கோஷ்டிகளை ஒழிக்க வேண்டுமென்றால் சுதந்திரத்தையே ஒழிக்க வேண்டியிருக்கும், அதனால் பல கோஷ்டிகளை வளரவிட்டு ஒன்றையொன்று கட்டுப்படுத்த விடுங்கள் என்று வாதிட்டார். 1965இல் மன்சர் ஓல்சன் என்ற பொருளியலாளர் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்: ஆளுக்குப் பெரிய லாபம் கிடைக்கிற சின்னக் கூட்டம் சுலபமாகச் சேரும், ஆளுக்குக் கொஞ்சமே கிடைக்கிற பெரிய கூட்டம் சேராது.

கீழத்தஞ்சையில் ஓல்சன் பாதிதான் சரி. பத்து மிராசுதார்கள் ஒரு திண்ணையில் சேர்ந்துவிடலாம், உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான பண்ணையாட்களும் சேர்ந்தார்கள். தாய்மொழி கன்னடமான பி. சீனிவாசராவ் நாற்பதுகளில் இங்கே வந்து சேரிகளில் தங்கிக் கட்டிய சங்கம் அது. சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றது அந்தச் சங்கத்தால். 1952இல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னாலும் அந்த அழுத்தம் இருந்தது. அறுபதுகளில் ஆடுதுறை-27 வந்து விளைச்சல் ஏறியபோது, எங்களுக்கும் பங்கு கொடு என்று கேட்க ஒரு கூட்டம் தயாராக இருந்ததே இதனால்தான்.

எனவே 'சங்கங்கள் நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே டெல்டாவில் சரியாக ஓடாது. இரண்டு பக்கமும் சங்கம்தான். ஒன்று நெல்லில் பங்கு கேட்டது. மற்றது, உனக்குச் சங்கமே இருக்கக்கூடாது என்றது. மாடிசனின் கணக்கு இந்த இடத்தில் உடைகிறது. கோஷ்டிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த வேண்டுமென்றால் எதிர்க்கோஷ்டி உயிரோடு இருக்க வேண்டும். மாடிசனின் சொந்தப் பண்ணையில் அடிமைகள் வேலை செய்தார்கள், அவர்கள் கோஷ்டி சேர வழியில்லை என்பதையும் சேர்த்து வாசித்தால் இது இன்னும் தெளிவாகும். வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதாவது அரைப்படி கேட்டது நியாயம்தான் என்று அரசு ஒப்புக்கொள்ள 44 பேர் எரிய வேண்டியிருந்தது.

இந்தக் கோணத்தில் எனக்கு உதவிய நாவல் மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்சி காடஸ்'. அது தொடங்குவதே நெல் உற்பத்தியாளர்கள் சங்கத் தலைவர் முதலமைச்சருக்கு எழுதும் மனுவில். பணிவு, புகார், தேசநலன், எல்லாம் உள்ள மனு. அந்தக் குரலில் மனநோய் இல்லை. நன்கு தெரிந்த குரல் அது. படிக்கும்போது எனக்குத் தாத்தாவின் கையெழுத்து ஞாபகம் வந்தது. நாவலாக அது ஆங்காங்கே தன்னைத்தானே அதிகம் ரசிக்கிறது என்பேன். ஆனால் கொலையை மனு எழுதும் மேஜையிலிருந்து தொடங்கிக் காட்டியதற்காக அதை மறக்கமாட்டேன். டெல்டாப் பேச்சில் எழுதப்பட்ட சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்'லையும் (1999) பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

சங்கம் என்றாலே எனக்கு இப்போது கசப்பு என்று நினைக்க வேண்டாம். காவிரி நடுவர் மன்றம் வந்ததே 1983இல் தஞ்சை விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவால். 1990இல் மன்றம் அமைந்தது, 1991இல் 205 டிஎம்சி இடைக்காலத் தீர்ப்பு வந்தது. மீத்தேன் எதிர்ப்பும், 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் சங்கங்கள் தெருவில் நிற்காமல் வந்திருக்காது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்தான் என் காலேஜ் பீஸ் கட்டியது. நன்றி கெட்டுப் பேசவில்லை.

ஆனால் பொங்கல் மறுநாள் அப்பாவோடு ஊர் விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மழையில் சாய்ந்த சம்பாவுக்கு ஹெக்டேருக்கு எவ்வளவு நிவாரணம் கேட்பது என்று பேசினார்கள். ஹெக்டேர் இருந்தால்தானே கேட்க முடியும். அறுப்பு மெஷின் வந்ததும் வேலை போனவர்கள், நடவுக்கு மட்டும் கூப்பிடப்படுகிறவர்கள், யாரும் அந்த அறையில் இல்லை. திரும்பி வரும்போது, பைக்கின் பின்னாலிருந்து அப்பாவிடம் கேட்டேன்.

"நடவாளுங்க யாரும் வரலியேப்பா?"

"அவங்களுக்குத்தான் நூறு நாள் வேலை இருக்கே" என்றார்.

அப்பா நல்ல மனிதர். இந்த வருடச் சந்தாவை ஜிபேயில் நான்தான் கட்டினேன்.