கிணற்றை அளக்காத நீர்க்கணக்கு

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி திறக்கப்பட்டதிலிருந்து, யாழ்ப்பாணத்தின் தண்ணீர்க் கவலை தீர்ந்துவிட்டது என்ற தொனியிலேயே பலர் பேசுகிறார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர், மூன்று இலட்சம் பேருக்கு. இனி அதைச் சிந்தாமல் வீடுவீடாகச் சேர்ப்பதுதான் மிச்சம். திறன் மீற்றரும், குழாயின் அமுக்கத்தைக் கணினித் திரையில் காட்டும் ஏற்பாடும், குழாய்ப் பாதையைக் குறித்த வரைபடமும் இருந்தால் போதும் என்கிறார்கள். இதில் பாதி சரி. மற்றப் பாதி, மானிப்பாயிலிருந்து பார்க்கிறவருக்குப் பெரும் பிழை.

சரியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல்நீரிலிருந்து ஒரு கன மீற்றர் நன்னீர் எடுக்க மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் வேண்டும். அந்த 24,000இல் பத்தில் ஒரு பங்கு குழாயில் ஒழுகிப்போனால், தினமும் 7,200 முதல் 9,600 அலகு மின்சாரத்தை மண்ணுக்குள் கொட்டுகிறோம். ஊர் உறங்கும் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஒரு வலயத்துக்குள் எவ்வளவு நீர் போகிறதென்று அளந்தால் ஒழுக்கை மட்டுக்கட்டிவிடலாம். நல்ல வேலை, அவசியமான வேலை. நீர் வழங்கல் சபை அதைச் செய்யட்டும்.

என் ஆட்சேபம் வேறு, பழையதும்கூட. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவதா என்று கிளிநொச்சி விவசாயிகளோடு வாதம் நடந்த நாட்களிலும் இதையே சொன்னேன். எங்களுடைய நீர்க்கணக்கு பில் போடக்கூடிய தண்ணீரை மட்டும் எண்ணுகிறது. குடாநாடு குளிப்பது, துவைப்பது, தோட்டத்துக்கு இறைப்பது, இன்றும் பெரும்பாலும் குடிப்பது எல்லாம் கிணற்றுத் தண்ணீர். அதை யாரும் எண்ணுவதில்லை.

அளவைப் பாருங்கள். 24,000 கன மீற்றரை மூன்று இலட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 80 லீற்றர். நாலு பரப்பு வெங்காயத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு தரம் இறைத்தால் ஏறக்குறைய 25,000 லீற்றர் போகும். முந்நூறுக்கும் மேற்பட்டோரின் ஒருநாள் குழாய்நீர் அது. ஒரு மோட்டர், ஒரு காலைப் பொழுது. குழாயில் ஒழுகும் வாளித் தண்ணீரைத் தேட இரவிரவாகக் கருவி வைக்கிறோம். இந்த இறைப்புக்கு ஒரு கொப்பித்தாளில்கூட வரி இல்லை.

இறைத்த நீரில் ஒரு பகுதி கடலுக்குப் போகாமல் திரும்பவும் கீழே இறங்கத்தானே செய்கிறது என்று ஒருவர் கேட்கலாம். இறங்குகிறது, யூரியாவையும் கரைத்துக்கொண்டு. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் அதற்குக் காரணம். கொதிக்கவைத்தாலும் அது போகாது. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

அடுத்த ஆபத்து உவர். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் கணக்கு. அப்படியானால் மேல்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றால் கீழே உவர் நாற்பது அடி ஏற இடம் உண்டு. கல்லில் வெடிப்பும் குகையும் உள்ள இடத்தில் இது அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் அங்குலக் கணக்கில் பார்க்க வேண்டிய ஒன்றை நாம் கண்மட்டத்தில் விட்டிருக்கிறோம். கிணற்றுக்கட்டில் ஓர் அடையாளம் போட்டு, நுனியில் பாரம் கட்டிய அளவுநாடாவை இறக்கி, நீர் தொடும் ஆழத்தைத் திகதியோடு குறிப்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

கிணற்றை விட்டுவிட்டதால் குழாயின் கணக்கே பொய்யாகிறது. கிணறு, குழாய் இரண்டுமுள்ள வீட்டார் குழாய்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு மற்றதுக்கெல்லாம் கிணற்று மோட்டரைப் போடுகிறார்கள். மீற்றர் குறைந்த பாவனையைக் காட்டுகிறது. அதை வைத்து எதிர்காலத் தேவையைத் திட்டமிட்டால், பங்குனி சித்திரையில் மழையின்றிக் கிணறு சவர்க்கும் ஆண்டில் எல்லா வீடும் ஒரேயடியாகக் குழாயைத் திறக்கும். அந்த நாளைத் திரையில் பார்த்து யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கான எண் திரைக்குள் இல்லை.

சுன்னாகத்தில் பட்டது போதாதா? கிணற்றில் எண்ணெய் மணக்கிறதென்று முதலில் சொன்னது தண்ணீர் அள்ளிய சனம். பிறகு ஒரு பரிசோதனை ஒன்றைச் சொல்ல, ஒரு குழு வேறொன்றைச் சொல்ல, தாய்மார் யாரை நம்புவதென்று தெரியாமல் பவுசருக்குக் காத்து நின்றார்கள். 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம், நிலத்தடி நீரை மாசாக்கியதற்காக அங்கே மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. கிணற்றுக்குக் கிணறு ஒழுங்காக எடுத்த பழைய பதிவு எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்திருந்தால் அந்தச் சச்சரவு எவ்வளவோ சுருங்கியிருக்கும். மானிப்பாய் அங்கிருந்து சில கிலோமீற்றர்தான். அடியில் இருப்பது அதே கல்.

கிணறு தனியார் சொத்து, வேலிக்குள் அரசு ஏன் எட்டிப்பார்க்க வேண்டும் என்பது வழமையான பதில். தோட்டக்காரரின் அச்சம் எனக்கு விளங்குகிறது: இன்றைக்கு அளவு, நாளைக்கு வரி. ஆனால் என் மோட்டர் பக்கத்து வீட்டுக் கிணற்றை இறக்குகிறது. என் மலசலகூடக் குழியின் கழிவு அவர்கள் குடிக்கும் நீருக்குள் போகிறது. இதில் தனியார் விடயம் எது? அளப்பது அரசுதான் என்றும் இல்லை. ஆந்திராவின் ஏழு வறட்சி மாவட்டங்களில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களின் விவசாயிகள் தாங்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, எழுதி, அதைப் பார்த்துப் பயிரைத் தெரிவு செய்தார்கள். எவரும் அவர்கள் மோட்டரில் மீற்றர் பூட்டவில்லை. எங்கள் கமக்காரர் அமைப்புகளுக்கு அது முடியாதா?

தரவு இல்லையென்றும் சொல்ல முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்த நீர்மாதிரியின் முடிவு ஒரு கோவையில் கிடக்கிறது. பல்கலைக்கழக மாணவர் அளந்தது ஆய்வேட்டில். நீர்வளச் சபை, விவசாயத் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் எல்லாம் தனித்தனி. வீடு கட்ட அனுமதி கேட்டு மானிப்பாயிலுள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே, இடையில் எத்தனை அடி என்று குறித்திருக்கும். அனுமதி கிடைத்ததும் அது அலுமாரிக்குள் போய்விடுகிறது. அந்த வரைபடங்களை எடுத்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, வட்டாரத்துக்குச் சில கிணறுகளைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் மட்டத்தையும் உவரையும் நைத்திரேற்றையும் அளந்து, சபை வாசலில் ஒட்டலாம். ஒரு திறன் மீற்றர்த் திட்டத்துக்கு ஆகும் செலவில் சிறு துண்டு போதும். ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கலாம். அனுமதிக் கோவைகள் இருக்கும் அலுமாரியின் திறப்பு சபையிடமே இருக்கிறது.