கொத்மலைக் குளிரில் தனிச் சைக்கிள் பயணம்: மூன்று மழையாடைகளின் மதிப்பீடு

கம்பளையிலிருந்து புசல்லாவை, தவலந்தென்னை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ5 நெடுஞ்சாலை, அறுபது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தூரத்துக்குள் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயர்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் என்ற விகிதத்தில் காற்றின் வெப்பநிலை குறைவதால், கம்பளையில் வியர்த்தபடி புறப்படும் பயணி மேலே சேரும்போது ஒன்பது பாகை குளிர்ந்த காற்றுக்குள் நுழைகிறார். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. ஆயினும், பகலில் பயணம் செய்பவரை உண்மையில் வாட்டுவது அந்த உறைபனியன்று; மழையும் வியர்வையும் இறக்கத்தின் காற்றும் ஒன்றுசேர்ந்து தரும் ஈரக்குளிரே அவரை முடக்குகிறது. இப்பாதைக்குரிய மேலாடையை அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மிதிப்பவரின் உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சென்றடைகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பமாக வெளிப்படுகிறது. றம்பொடை ஏற்றத்தில் 150 வாட் வலுவுடன் மிதிக்கும் ஒருவர் 450 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்குகிறார் என்பதால், அங்கே அவருக்குத் தேவைப்படுவது சூடன்று, வியர்வை வெளியேற ஒரு வழியாகும். அதே மனிதர் இறங்கத் தொடங்கியதும் வெப்ப உற்பத்தி சட்டென்று குறைய, காற்றின் வேகம் பலமடங்காக, ஏற்றத்தில் நனைந்த உள்ளாடை உடற்சூட்டை உறிஞ்சத் தொடங்குகிறது.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் முதலாவது, விலையிலும் புகழிலும் முன்னிற்கும் சவ்வு மழைச்சட்டை. மழைத்துளியைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் நுண்துளைச் சவ்வொன்று இதன் துணிக்குள் ஒட்டப்பட்டிருக்கும். 1969இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட கோர்-டெக்ஸ் இவ்வகையின் முன்னோடியாகும். உள்ளே நீராவி அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால் மட்டுமே இச்சவ்வு தன் வேலையைச் செய்யும். மேற்றுணி நீர் குடித்துக் கனத்துவிட்டாலோ, மூடுபனியில் காற்றே ஈரத்தால் நிறைந்துவிட்டாலோ அந்த வேறுபாடு சுருங்கி, ஆவி வெளியேறுவது பெரிதும் தளர்கிறது. தவலந்தென்னைக்கு மேலே, மழையும் மூட்டமும் விலகாத நாளில், நெஞ்சுப்பகுதிச் சிப்பைத் திறந்து வைத்தும் முழங்கையின் உட்புறத்தில் வியர்வை தேங்கி, கையைத் தாழ்த்தியதும் மணிக்கட்டு வழியே வழிந்தது. வறண்ட குளிர்நாடுகளில் சிறப்பாகப் பயன்படும் இவ்வாடைக்கு இந்த மலைச்சரிவு பொருத்தமான இடமன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அணியும் மலிவான இறப்பர் கோட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: மழை உள்ளே வராது, வியர்வையும் வெளியே போகாது.

மூன்றாவதான போர்வை வகை மழையாடையே ஏற்றத்தில் ஐயமின்றி முதலிடம் பெறுகிறது. தலைவழியாக மாட்டப்பட்டு, முன்பக்கம் கைப்பிடிக்கு மேலாக விரிந்து, கீழ்ப்புறம் முழுவதும் திறந்திருக்கும் இது, மழையை மேலே தடுத்துக் காற்றைக் கீழிருந்து உள்ளே விடுவதால் உடம்பு புழுங்குவதில்லை. தலையில் கொங்காணியும் இடுப்பில் படங்கும் கட்டி மழை நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் தோட்டப் பெண்கள் இந்த ஏற்பாட்டின் பயனைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். உடலுழைப்பின்போது அணியும் மழையாடை இறுக்கமாக இருக்கக் கூடாது என்பதற்கு அவர்களைவிட நல்ல சான்று தேவையில்லை. வாங்கும்போது முன்விளிம்பின் உட்புறத்தில் கட்டைவிரல்களை நுழைக்கும் இரு வளையங்களும், இடுப்பில் கட்டும் பட்டியும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாத போர்வை எதிர்க்காற்றில் பாயாக விரிந்து வண்டியைத் தடுமாறச் செய்யும். கைப்பிடியில் பொருத்திய விளக்கை இத்துணி மறைத்துவிடும் என்பதும் கவனத்திற்குரியது. மூடுபனியில் எதிரே வரும் பேருந்துக்கு வெளிச்சம் தெரிய வேண்டுமானால், விளக்கை முன்சக்கரக் கவையில் தாழப் பொருத்துவதே பாதுகாப்பு.

இறக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. 10 பாகைக் காற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் வறண்ட முகத்தோலுக்கு அது சுமார் 6 பாகையாக உறைக்கும் என்பது, 2001இல் வட அமெரிக்காவில் ஏற்கப்பட்ட காற்றுக்குளிர்வுச் சூத்திரத்தின் கணக்கு. நனைந்த உடம்புக்கு இழப்பு இன்னும் அதிகம். ஆகவே உச்சியிலேயே நின்று, நனைந்த பனியனைக் கழற்றி, உலர்ந்த கம்பளிப் பனியன் ஒன்றை மாற்றி, அதன்மேல் கையடக்கமாக மடியும் காற்றுத்தடுப்புச் சட்டையை அணிந்து, போர்வையைச் சுருட்டிக் கட்டிய பிறகே இறங்க வேண்டும். மழை விடாத நாளில் சவ்வு மழைச்சட்டை தன் விலைக்கு நியாயம் செய்வது இந்த ஓரிடத்தில்தான். காற்றுத்தடுப்புச் சட்டை இல்லாதவர் வீரகேசரி இதழ் ஒன்றை மடித்து நெஞ்சுக்கும் மேற்சட்டைக்கும் இடையே வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் மலையுச்சிகளில் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது, செலவுமில்லை.

விரல்களைப் பற்றிப் பயணிகள் போதிய அக்கறை காட்டுவதில்லை. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப் பந்தயம் பனிப்பொழிவினூடே காவியா கணவாயைக் கடந்தபோது, நியோப்பிரீன் எனும் நுரை இறப்பர் கையுறையுடன் வந்திருந்த அமெரிக்கர் அன்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முதலிடச் சட்டையைப் பெற்று, முடிவில் பந்தயத்தையும் வென்றார். லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்குகையில் வளைவுக்கு வளைவு பிரேக்கை இறுக்க வேண்டியிருக்கிறது. நனைந்த பருத்திக் கையுறைக்குள் விரல் மரத்தால், நெம்பை எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வே போய்விடுகிறது. சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக்கோ ஈரத்தில் தாமதித்தே பிடிக்கிறது. இவ்விரண்டும் சேரும் இடம் உயிராபத்தானது. நியோப்பிரீன் கிடைக்காவிடில், கம்பளிக் கையுறைமேல் பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையை மாட்டிக்கொள்வது தோற்றத்தில் எளிமையானாலும் பயனில் குறைவற்றது.

பணம் ஒரு பொருளுக்கே போதுமென்றால் கையுறையையும், இரண்டுக்குப் போதுமென்றால் அதனுடன் போர்வையையும் வாங்குவதே தக்கது. சவ்வுச் சட்டை அதற்குப் பின்னரே. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போகும் நிலை, நாக்குக் குழறுவதிலும் நடை தடுமாறுவதிலும் முதலில் வெளிப்படும். ஆனால் தனியே செல்பவருக்கு அதைச் சுட்டிக்காட்டப் பக்கத்தில் எவருமில்லை. எனவே, நடுக்கம் அடங்காதபோதே வண்டியை நிறுத்தி, அருகிலுள்ள கடையிலோ லயத்திலோ ஒதுங்கி, உடை மாற்றி, சூடாக எதையேனும் பருக வேண்டும். பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும்.