இருந்த இடத்திலேயே திருத்தம்: பெர்ல் நிரலும் பாடவேறுபாடும்

உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பில் பிரதிபேதங்கள் அடிக்குறிப்பில் நிற்கின்றன. பதிப்பாசிரியர் எதைக் கொண்டார், எதைத் தள்ளினார் என்பதைப் பிற்காலத்தவர் மறுபடி ஆராய அவை இடந்தருகின்றன. மின்னுரைத் தொகுப்புகளைச் செப்பனிடுவோர் இன்று கையாளும் கருவிகள் அந்த வாய்ப்பை எந்த அளவிற்கு விட்டுவைக்கின்றன என்பது ஆராயத்தக்கது.

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியில், கோப்பை ‘இருந்த இடத்திலேயே’ திருத்துவதற்கு ‘ஐ’ என்னும் ஒற்றையெழுத்து விசை உண்டு. இப்பெயர் பொருத்தமானதன்று. பெர்ல் மூலத்தை வரிவரியாகப் படித்து, மாற்றிய வரிகளை வேறொரு கோப்பில் எழுதுகிறது. பழைய பெயர் புதிய கோப்பிற்குச் சென்றுவிடுகிறது. விசையோடு ஒரு பின்னொட்டைச் சேர்த்தால் மூலம் அப்பின்னொட்டு ஏற்ற பெயரில் எஞ்சும், சேர்க்காவிடில் அழியும். அதே பின்னொட்டுடன் கட்டளையை இரண்டாம் முறை இயக்கினால், முன்பு திருத்திய கோப்பே காப்புப்படியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2018இல் வந்த 5.28 பதிப்பு முதல், வேலை முழுமையாக முடிந்த பின்னரே கோப்பு மாற்றப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றால் நேரும் இழப்பை இது தடுக்கும். பிழையான விதியால் நேரும் இழப்பை எந்தப் பதிப்பும் தடுக்காது.

ஔகாரக் குறியை எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் அதற்குத் தனிக் குறியீடு இருந்தும், தட்டச்சிடுவோர் பலர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுகின்றனர். ‘மௌனம்’, ‘மெளனம்’ இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே, தேடுபொறிக்கு வேறு. இதனைச் சீராக்கும் பெர்ல் விதி ஒரே வரியில் அடங்கும். ஆனால் அவ்வரி ‘தெளிவு’ என்பதைத் ‘தௌிவு’ என்றும், ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்றும் சிதைக்கும். இணையத்தில் ‘வௌியீடு’ போன்ற விந்தை வடிவங்கள் மலிந்திருப்பதற்கு இத்தகைய கண்மூடித்தனமான மாற்றமே காரணமாதல் கூடும்.

ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் மாற்றவேண்டா என்று விதியைச் செம்மைப்படுத்தலாம். அப்போதும் நாட்டார் பாடல் தொகுப்பில் வரும் ‘வெளக்கு’, ‘வெளஞ்ச’ என்னும் பேச்சுவடிவங்கள் தப்பா. அவை ‘வௌக்கு’, ‘வௌஞ்ச’ என ஆகிவிடும். விதியைத் திருப்பி இயக்கி மீட்கவும் இயலாது. ‘வௌவால்’ போன்ற உண்மையான ஔகாரச் சொற்களும் உடன் சிதையும். எது மூலத்தின் எழுத்து, எது நிரலின் எழுத்து என்னும் வேறுபாடே கோப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. பாடுவோரின் ஒலிப்பைப் பதிவதற்கென்றே உருவாகிய தொகுப்பிற்கு இது சிறிய இழப்பன்று.

வேகம் கருதி இவ்விசையை நாடுவதில் குற்றமில்லை. ஆயிரம் கோப்புகளைக் கையால் திருத்துவார் யார்? எனினும் ஆய்விற்குரிய மூலங்களில் அதனைத் தவிர்ப்பதே தக்கது. விளைவை வேறு பெயரில் எழுதச்செய்து, விதி அடங்கிய நிரலை நாள் குறித்து உடன் வைத்து, இரு கோப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டுப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். ‘வெளக்கு’ அப்பட்டியலில் தென்படும். விலக்குவதற்கு அப்போது மூலம் கையில் இருக்கும்.