பால்வாடி டீச்சருக்கு எது தகுதி?

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியாக வேண்டும். அதே வளாகத்தில், சுவரை ஒட்டி நிற்கும் அங்கன்வாடியில் நாலரை வயதுக் குழந்தைக்குப் பாட்டும் கதையும் எண்ணும் சொல்லித்தருபவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதுகூட அண்மையில் உயர்த்தப்பட்ட வரம்புதான். நீண்ட காலம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதியாக இருந்தது. குழந்தை அதே குழந்தைதான். சில மாதங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்காரப்போகிறது. ஆனால், அதற்குக் கற்பிப்பவரிடம் அரசு எதிர்பார்ப்பது மட்டும் ஒரே தாவலில் எங்கோ போய்விடுகிறது.

இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் உரிமை தருகிறது. ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்கும் அதன் 23ஆம் பிரிவும் அந்த வயதுக்கானதே. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளைப் பற்றி 11ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால், முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நின்றுகொள்கிறது. ‘செய்யலாம்’ என்ற இடத்தில் தகுதி வரையறை பிறக்காது.

ஆகவே, தகுதியை உயர்த்து என்ற குரல் நியாயமானது. என்னுடைய கவலை வேறு. நாம் உயர்த்திக்கொண்டிருப்பது சான்றிதழின் உயரத்தை. குழந்தையோடு அந்தப் பெண் செலவிடும் நேரமும், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அவருக்குக் கிடைக்கும் பழக்கமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பழைய தகுதி எப்படி வந்தது என்பதைப் பார்க்காமல் அதைக் குறை சொல்வது சரியாகாது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், சுகாதாரக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகள். ஆறில் கல்வி ஒன்று. நடைமுறையில் அதுவே கடைசி. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. பசியும் எடைக்குறைவும்தான் அன்றைய எதிரிகள். அந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு எப்போதும் பிடித்த ஒன்று. உள்ளூர்ப் பெண்ணாக, வசதி குறைந்தவராக, அதே சமயம் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்ப்பவராக இருந்தால் அவருக்கு முன்னுரிமை. வறுமையிலும் பிள்ளையை எப்படித் தேற்றலாம் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் யார்? செய்ய வேண்டிய வேலையைப் பார்த்துத் தகுதியை வகுத்தார்கள். வேலை மாறிய பிறகும் தகுதியை நாம் மாற்றாமல் விட்டதுதான் பிழை.

வேலை மாறியதைத் தமிழ்நாடு உணரவில்லை என்று சொல்ல முடியாது. மாநிலத்தின் 54,439 மையங்களுக்கும் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் போனது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், அதற்குப் பாட்டு, கதை, விளையாட்டு, வயதுவாரியாகச் செயல்பாட்டுப் புத்தகம், மதிப்பீட்டு அட்டை என்று ஒழுங்காகச் செய்யப்பட்ட பாடத்திட்டம் அது. ஊதியத்திலும் தமிழ்நாடு சற்று முன்னே நிற்கிறது. மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். இங்கே காலமுறை ஊதியம் உண்டு. புத்தகமும் இருக்கிறது, பல மாநிலங்களைவிட மேலான சம்பளமும் இருக்கிறது. இல்லாமல் போனது பயிற்சி.

அங்கன்வாடிப் பணியாளருக்குத் திட்டத்தில் வகுக்கப்பட்ட பணிப் பயிற்சி 26 வேலை நாட்கள். புத்தாக்கப் பயிற்சி ஐந்து நாட்கள். அந்த 26 நாட்களில் எடை போடுவது, வளர்ச்சிப் பதிவு, கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை, தடுப்பூசி அட்டவணை, பதிவேடுகள் எல்லாவற்றையும் முடித்து மிச்சத்தில்தான் குழந்தைக் கல்வி. 2023 மே மாதம் மத்திய அரசு ‘போஷண் பி, படாயி பி’ என்ற பெயரில் ஊட்டச்சத்தோடு கல்வியையும் சேர்த்துப் பேசத் தொடங்கியது நல்ல திருப்பம். நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்றது. அதற்காகப் பணியாளருக்குக் கிடைத்த நேரடிப் பயிற்சி மூன்று நாள்.

மூன்று நாளில் எது வராது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். நான்கு வயதுச் சிறுமிக்கு முன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லுங்கள். விரலை வைத்து எண்ணி “அஞ்சு” என்பாள். அவள் கண் முன்னாலேயே அதே ஐந்தையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பரப்பிவிட்டு, “இப்ப?” என்று கேளுங்கள். “இப்ப நெறய இருக்கு” என்பாள். பழக்கமில்லாதவர், “தப்பு, சரியா எண்ணு” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவார். பழகியவருக்கு அது தவறல்ல, வயது என்று தெரியும். ஒவ்வொரு கொட்டைக்கும் பக்கத்தில் ஒரு கூழாங்கல்லை அவளையே வைக்கச் சொல்வார். பிறகு கொட்டைகளை மறுபடி நெருக்கி, கற்களைப் பரப்பி, அவளையே பார்க்கவிடுவார். விடையைச் சொல்லமாட்டார். அவசரப்படவும் மாட்டார். இந்தப் பொறுமையும் இந்த அடுத்த அடியும் கையேட்டை வாசித்து வருவதில்லை. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்வதைப் பார்த்து, பிறகு தான் செய்வதை அவர் பார்க்க, பல முறை செய்து வருவது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறது. பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது. ஓராண்டு, ஆறு மாதம் என்ற கால அளவு மதிக்கத்தக்கது. வழிமுறைதான் சறுக்குகிறது. தொலைக்காட்சி அலைவரிசை, கைபேசி வழியாகத் தொலைநிலையில் படிக்க வேண்டும். நேரடி வகுப்பு மாதம் ஒன்றாவது இருக்கும். புளியங்கொட்டைச் சிறுமியைப் பற்றிக் கைபேசியில் பாடம் கேட்கலாம். அவளிடம் எப்படிப் பேசுவது என்பதைக் கைபேசி திருத்தித் தராது.

‘தகுதி’ என்பதைப் பட்டயச் சான்றிதழாக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை அரசுப் பக்கம் திருப்பும் நோக்கம் மிகச் சரியானது. கற்பிக்க அனுப்பப்பட்டவர்கள் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள். காகிதத்தில் பார்த்தால் பால்வாடி டீச்சரைவிட அதிகத் தகுதி கொண்டவர்கள். ஆனால், மழலையர் கல்வி தங்கள் பயிற்சியில் இல்லை என்று சொல்லி அவர்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். அந்த எதிர்ப்பில் பணிநிலை இறங்கிவிடுமோ என்ற அச்சமும் கலந்திருந்தது உண்மைதான். அதற்காக அவர்கள் சொன்ன வாதம் பொய்யாகிவிடாது. எழுத்தும் கூட்டலும் சொல்லித்தரப் பயின்றவர் மூன்று வயதுக் குழந்தையைப் பலகையின் முன் உட்காரவைத்துவிடும் ஆபத்து நிஜமானது. 2022இல் இந்த வகுப்புகளை நிறுத்தும் பேச்சு எழுந்து, எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கென அமர்த்தப்பட்ட தற்காலிகச் சிறப்பாசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய்.

இன்னொரு பக்கம், சான்றிதழ் குறைவாக இருந்தும் பலன் கிடைத்த கதையும் தமிழ்நாட்டினுடையதே. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் மூவரும் மாநில அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 320 மையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். அவரும் உள்ளூர்ப் பெண்தான். பெரிய பட்டம் இல்லை, நீண்ட பயிற்சி இல்லை, ஊதியமும் நிரந்தரப் பணியாளரைவிடக் குறைவு. ஆயினும் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் கண்கூடாக முன்னேறின. பழைய பணியாளர் உணவிலும் உடல்நலத்திலும் கூடுதல் கவனம் செலுத்த முடிந்ததால் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் வளர்ச்சிக் குன்றலும்கூடக் குறைந்தன.

இந்த முடிவு வியப்பானதல்ல. பால்வாடி டீச்சரின் காலையைப் பாருங்கள். பிள்ளைகளை வீடு வீடாக அழைத்து வரச் சொல்லி உதவியாளரை அனுப்ப வேண்டும். வருகையைப் போஷண் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் வாசலுக்கும் வேப்பமரத்தடிக்கும் நடக்க வேண்டும். சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களுக்கு முகப் பதிவு சரிபார்க்க வேண்டும். முட்டைக் கணக்கு, எடை பார்க்கும் நாள், தடுப்பூசி நாள், வாக்காளர் பட்டியல் வேலை, மண்டலக் கூட்டம். உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் அடுப்பும் அவருடையதே. இதற்கு நடுவே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோ பட்டயமோ அவருக்கு என்ன செய்துவிடும்? நேரம் கொடுக்காமல் தகுதியை மட்டும் கேட்பது அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகத்தான் முடியும்.

அப்படியானால் தகுதியே முக்கியமில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஏழு பெரிய முன்பருவக் கல்வி ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2007இல் வந்த கட்டுரை, ஆசிரியரின் பட்டத்துக்கும் குழந்தையின் கற்றலுக்கும் சீரான தொடர்பு தென்படவில்லை என்றது. அதைக் காட்டி, செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பேசுவார்கள். அதே ஆண்டில்தான் அங்கே ஏழைக் குழந்தைகளுக்கான ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தில் பாதி ஆசிரியர்களாவது 2013க்குள் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டுக்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எதைப் படித்தார், எத்தனை நாள் குழந்தைகள் நடுவே பழகினார் என்பதெல்லாம் மறைந்துவிடுகிறது. வேறு துறைப் பட்டம் நான்கு வயதுக் குழந்தையிடம் செல்லாது. அவ்வளவுதான் அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டு ஆய்விலும் பலன் பெரிதாகத் தெரிந்ததற்குத் தொடக்கப்புள்ளி அவ்வளவு கீழே இருந்தது ஒரு காரணம். நேரமே இல்லாத இடத்தில் நேரம் கொடுத்தால் முன்னேற்றம் வரும். அந்த நேரம் கிடைத்த பிறகு அடுத்த படி ஏற, கற்பிப்பவரின் கைத்திறன்தான் வேண்டும்.

தகுதியை உயர்த்தினால் உள்ளூர்ப் பெண்கள் வெளியே தள்ளப்படுவார்கள் என்ற அச்சத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்கிறோம். 1980இல் அது மிகச் சரியான அச்சம். இன்றைய தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கில் 47 விழுக்காடு. ஆசிரியர் பட்டயம் முடித்துவிட்டுத் தகுதித் தேர்வுக்கும் பணி நியமனத்துக்கும் காத்திருக்கும் பெண்கள் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் வேண்டுமா, பயின்றவர் வேண்டுமா என்ற கேள்வியே பல ஊர்களில் எழாது. அவர்களுக்குத் தேவை, மூன்று முதல் ஆறு வயதுக்கான பயிற்சி ஆறு மாதம். அதில் பாதியாவது உண்மையான மையத்தில்.

ஏற்கெனவே இருபது ஆண்டுகள் பணியாற்றிய, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த பணியாளர்களை இந்த மாற்றத்தில் தோற்றவர்களாக ஆக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஊரின் ஒவ்வொரு பிள்ளையையும் பிறந்த நாளிலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைத் தேர்வு மண்டபத்தில் உட்காரவைக்க வேண்டியதில்லை. அவர்கள் மையத்திலேயே, அவர்கள் பிள்ளைகளோடே அவர்கள் செய்வதைப் பார்த்துச் சான்றளிக்கலாம். பார்க்க ஆள் வேண்டும் என்பார்கள். மேற்பார்வையாளர் இருக்கிறாரே. இப்போது அவர் வந்தால் பதிவேட்டைப் புரட்டுகிறார், இருப்பைச் சரிபார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார். பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, டீச்சர் கதை சொல்வதைக் கேட்டு, போகும்போது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவதை அவருடைய ஆய்வுப் படிவத்தின் முதல் வரியாக்க வேண்டும். அதற்கு அவருக்கும் பயிற்சி வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அதைத் தர முடியும்.

ஊதியத்தைத் தொடாமல் இதில் எதுவும் நிலைக்காது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, முன்பருவக் கல்வி தரும் அவர்கள் சட்டப்படியான கடமையைச் செய்கிறார்கள் என்பதையும் சொன்னது. அந்தக் கடமைக்குரிய ஊதியம் வராவிட்டால், நன்றாகப் பயின்றவர் முதல் வாய்ப்பிலேயே சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார். போவதில் அவர் தவறும் இல்லை.

அந்த 2,381 மையங்களிலிருந்து தொடங்கலாம். பள்ளி வளாகம் அங்கே இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பருவக் கல்விக்கென ஓர் ஆசிரியர் பணியிடத்தை நிரந்தரமாக்கி, அதற்குரிய பயிற்சியையும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு நிகரான ஊதியத்தையும் அரசாணையில் எழுத வேண்டும். அப்படிப் பணியமர்த்தப்படும் ஆசிரியரைச் செயலிப் பதிவுக்கும் முட்டைக் கணக்குக்கும் இழுக்கக் கூடாது என்ற வரியும் அதே அரசாணையில் இருக்க வேண்டும்.