'கைவிடப்பட்டவள்' என்று எழுதியவர் யார்?

இலக்கிய விமர்சனம் என்றால் கவிதை, நாவல் என்றே நமக்குப் பழக்கம். தாலுகா ஆபீசில் கொடுக்கிற விண்ணப்பப் படிவத்தை யாரும் ஒரு பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. ஆனால் ஒற்றை ஆளாக நின்று பிள்ளை வளர்க்கிற சேரிப் பெண்ணுக்கு அடுத்த மாசம் சோறு உண்டா இல்லையா என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அதன் இலக்கணத்தைப் பார்க்காமல் கடந்து போக முடியவில்லை.

1986இல் தமிழக அரசு ஒரு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. யாருக்கு? 'கணவனால் கைவிடப்பட்ட' ஆதரவற்ற பெண்களுக்கு. செயப்பாட்டுவினை. விட்டவன் அவன், விடப்பட்டவள் இவள். எங்க தெருவுல இப்படிப் பேச மாட்டாங்க. "அவன வேணாம்னு வந்துட்டா", "அத்துக்கிட்டா" என்பார்கள். அங்கே எழுவாய் அவள். குடிச்சிட்டு வந்து அடிச்சவன உதறிட்டு, இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வந்தவள் அவள். அரசிடம் போய் நின்றதும் அந்த வினையை அவளிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். 'நான் கைவிடப்பட்டவள்' என்று கையெழுத்துப் போட்டால்தான் காசு.

அதுவும் உடனே கிடைக்காது. வயது 30 ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி மணவிலக்கு பெற்றிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் பிரிந்து ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இதுதான் அந்தத் திட்டத்துக்கு வகுத்த விதி. 22 வயதில் இரண்டு பிள்ளையோடு வந்தவள் எட்டு வருஷம் காத்திருக்கணும். பிள்ளைக்குப் பால் வேண்டியதும் அந்த எட்டு வருஷத்தில்தான்.

'அறுத்துக்கட்டுற சாதி' என்று நம்மைக் கேவலமாகச் சொன்னவர்கள் உண்டு. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, பேசித் தீர்த்துவிட்டு, அவரவர் வழியில் போகிற பழக்கம் உழைக்கிற சாதிகளுக்குப் புதிதல்ல. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவே வழக்காற்று மணவிலக்கை ஏற்கிறது. உதவித்தொகை விதி மட்டும் நீதிமன்றத் தாளைக் கேட்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தால் அவள் ஏன் மனுவோடு நிற்கப்போகிறாள்? தாலி என்றைக்கும் அறாது என்கிற மேல்சாதி நம்பிக்கைதான் இங்கே விதியாக உட்கார்ந்திருக்கிறது.

விதவை விஷயமும் இதேதான். புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பைவிடத் தீயே மேல் என்கிறாள். அவள் அரசி. கைம்மைக்குப் பிறகும் மறுநாள் நாற்று நடப் போகிறவளுக்கு நம் பாடத்தில் பாட்டு இல்லை. 1975இல் அரசு விதவைகளுக்கு உதவித்தொகை தொடங்கியது. அதே ஆண்டு விதவை மறுமணத்துக்கும் நிதியுதவி வந்தது. மறுமணத்தை ஆதரித்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஆம்பள இல்லேன்னா உதவி, ஆம்பள வந்தா அந்த உதவி நிக்கும். பிள்ளை வளர்க்கிற உழைப்பு இரண்டு கணக்கிலும் இல்லை.

நல்ல காலத்தில் இந்தக் குறையைக் கூலி மறைத்துவிடும். சித்தாள் வேலை, களையெடுப்பு, செங்கல் சூளை, வீட்டுவேலை என்று எதையாவது செய்து அவளே சமாளித்துக்கொள்வாள். கெட்ட காலம் வந்தால்தான் விதியின் பல் தெரியும். 2016 நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும் ரொக்கக் கூலி நின்றது. 2020 மார்ச் 25இல் நாடே பூட்டப்பட்டது. அந்த ஏப்ரலில் தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தது. அட்டை யாரிடம்? பிரிந்து வந்தவளின் பெயர் பல இடங்களில் புருஷன் வீட்டு அட்டையில்தான் கிடந்தது. அவள் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் வருகிற அரிசியும் அங்கேதான். நீதிமன்றத் தாள் இல்லாமலே விசாரணையின்பேரில் தனி அட்டை தரலாம் என்று அரசு ஆணையிட்டது 2021இல்தான்.

மத்திய அரசு 2020இல் தன் பட்டியலில் இருந்த விதவைகளுக்கு இரண்டு தவணையாக 1000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பட்டியலில் சேர வயது 40 ஆகியிருக்க வேண்டும். பிரிந்து வந்தவளுக்கு அதில் இடமே இல்லை. ஜன்தன் கணக்கு இருந்தால் மாதம் 500 வீதம் மூன்று மாதம் வந்தது, அவ்வளவுதான். மாநில உதவித்தொகை 2011இல் 1000 ரூபாய் ஆனது. 1200 ஆனது 2023 ஆகஸ்டில். நடுவில் பன்னிரண்டு வருஷம், அதற்குள் இரண்டு பெரும் அடி. அரிசி விலை ஏறியது, கூலி நின்றது, தொகை மட்டும் அசையவில்லை.

2023 செப்டம்பர் 15இல் வந்த மகளிர் திட்டம் 'உதவி' என்ற சொல்லை விட்டு 'உரிமைத்தொகை' என்றது. சொல் மாறியது பெரிய விஷயம்தான், வரவேற்கிறேன். தனித்து வாழும் பெண்ணையும் குடும்பத் தலைவியாக அது ஏற்றது. ஆனால் விதவை உதவித்தொகை வாங்குகிறவளுக்கு உரிமைத்தொகை கிடையாது என்பது அப்போதைய விதி. புருஷனோடு இருப்பவளுக்கு உரிமை, இல்லாதவளுக்கு உதவி. ரெண்டுல ஒண்ணுதான்!

நம்ம எழுத்தையும் விட்டுவைக்க முடியாது. பாமாவின் 'சங்கதி' (1994) பெண்களின் உழைப்பையும் குறைந்த கூலியையும் அடியையும் வாயாடித்தனத்தையும் மறைக்காமல் வைத்தது. அதற்குப் பிறகும் நம் தோழர்கள் பலர் பட்டினி கிடந்து வளர்த்த அம்மாவைத் தெய்வமாக்கியே எழுதுகிறார்கள். தெய்வத்துக்குப் பசிக்காது, அதற்கு யாரும் பாக்கி வைத்திருக்கவும் மாட்டார்கள். அவள் பட்டினி தியாகமல்ல, கொடுக்கப்படாத காசு. அப்படி எழுதினால்தான் யார் கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும்.

படிவத்தைத் திருத்தி எழுதச் சொல்லுவோம். 'கணவர் எங்கே, எத்தனை வருஷமாக இல்லை' என்கிற கேள்விகளை அடிக்கட்டும். 'பிள்ளைகள் எத்தனை, இந்த மாசம் எத்தனை நாள் வேலை கிடைத்தது' என்று கேட்கட்டும். அவள் சொல்வதே சான்றாக இருக்கட்டும். வேலை குறைந்தால் தொகை கூட வேண்டும். சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது இந்த வாசகத்தையே எழுதிக் கொடுங்கள். தாலுகா ஆபீஸ் தமிழை அவர்களே எழுதிக்கொண்டிருக்க நாம் ஏன் விடவேண்டும்?