சம்மட்டியின் இரண்டு பாட்டுகள்

அமெரிக்க ரயிலின் பழம்பெருமை பேச வருகிறவர்கள் ஜான் ஹென்றியை விடுவதில்லை. மேற்கு வர்ஜீனியாவின் டால்காட்டில், 1870களின் தொடக்கத்தில் செசபீக்-ஒஹாயோ ரயில்பாதைக்காகக் குடையப்பட்ட பிக் பெண்ட் குகைப்பாதைக்கருகே 1972இல் சிலை வைத்தார்கள். 1996இல் தபால்தலை வந்தது. அவன் பேரில் திருவிழாவும் உண்டு. கதை தெரிந்ததுதான். நீராவித் துளைப்பானோடு கறுப்புத் தொழிலாளி ஒருவன் சம்மட்டி தூக்கிப் போட்டி போடுகிறான், ஜெயிக்கிறான், சம்மட்டி பிடித்த கையோடு செத்துப்போகிறான்.

உறுத்துவது அந்தச் சாவு. இயந்திரத்தை மனிதன் வென்றான் என்று கைதட்டுகிற சத்தத்தில், அவனை யார் கொன்றது என்கிற கேள்வி அமுங்கிப்போகிறது. உழைத்துச் சாவதே அந்தக் கறுப்பு உடம்புக்கு வாய்த்த பெருமை என்றாகிவிடுகிறது. கம்பெனிக்கு இதைவிடத் தோதான நாயகன் கிடைப்பானா?

ஆனால் பாட்டு ஒன்றல்ல. இசைத்தட்டிலும் பாடப்புத்தகத்திலும் புகழ்பெற்றது கதைப்பாட்டு. தொழிலாளிகள் சம்மட்டி அடித்துக்கொண்டே பாடியது வேறு. அதில் ஜான் ஹென்றி வீரனில்லை, எச்சரிக்கை. அவனைக் கொன்ற சம்மட்டி என்னைக் கொல்லாது, இதைப் போட்டுவிட்டு நான் கிளம்புகிறேன் என்கிற தொனி. வேலையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒருத்தன் பாறையில் உளியைப் பிடித்து, அடிக்கும் அடிக்கும் நடுவே அதைத் திருப்ப வேண்டும்; இன்னொருத்தன் அடிக்க வேண்டும். தாளம் தப்பினால் பிடித்தவன் கை போச்சு. அதைவிட முக்கியம், எல்லாரும் ஒரே தாளத்தில் அடிக்கும்போது எவனையும் தனியாகப் பிரித்து விரட்டுவது லேசில்லை. பாட்டு வேகத்துக்குப் போட்ட கடிவாளம். இந்தப் பிரதியைத் தள்ளிவிட்டுத்தான் பாரம்பரியக் கொண்டாட்டம் நடக்கிறது.

ஸ்காட் நெல்சன் 2006இல் எழுதிய புத்தகம் இதில் கை வைத்தது. அவர் கண்டெடுத்த ஜான் வில்லியம் ஹென்றி வர்ஜீனியாச் சிறையிலிருந்து ரயில்வேக்கு வாடகைக்கு விடப்பட்ட இளங்கைதி. 10 ஆண்டு தண்டனை. இடமும் பிக் பெண்ட் இல்லை, வர்ஜீனியாவின் லூயிஸ் குகைப்பாதை என்கிறார். கைதிகள் செத்தது போட்டியில் இல்லை, நுரையீரலில் படிந்த கல்தூசியில். (1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தமே, குற்றத்துக்கான தண்டனை என்றால் கட்டாய உழைப்பு செல்லும் என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தது.) 1992இல் ரிச்மண்டின் பழைய சிறை வளாகத்தில் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, சில வடிவங்களில் வரும் மணலில் புதைத்த அடியை நெல்சன் அவற்றோடு சேர்த்துப் படிக்கிறார்.

இந்த அடையாளத்தை எல்லாரும் ஏற்கவில்லை. அலபாமாவில் நடந்தது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் யார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். கைதிகளை வாடகைக்கு விட்ட ஏற்பாடு ஆவணத்திலேயே இருக்கிறது, அது போதும். நெல்சனிடம் எனக்குள்ள சங்கடம் வேறு. தொன்மத்தை உடைக்கப் புறப்பட்டவர், சுத்தியல் பாட்டை இவ்வளவு நுட்பமாகக் கேட்டவர், கடைசியில் அவரும் ஒரே ஒரு ஆளைத்தான் தேடிப் போகிறார். வேலைத்தலத்தில் அத்தனை பேர் சேர்ந்து பாடியது மறுபடியும் ஒருத்தனின் வாழ்க்கை வரலாறாகச் சுருங்குகிறது. உளியைப் பிடித்து நின்றவன் இந்தப் புத்தகத்திலும் ஓரமாகத்தான் நிற்கிறான்.